மூன்று நொடி தாங்கும் ஃபியூஸ்

வெர்னா ஹ்ரின்சுக் மேசையை நகர்த்திப் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு ரேடியோ செத்துப்போனது. ஒன்றால்தான் மற்றது என்று புரிவதற்குள் இரண்டு நல்ல ஃபியூஸ்களை அவள் வீணாக்கிவிட்டாள்.

ஹார்கன் மேட்டில் காட்டுத்தீக்குக் காவலிருப்பது அவளுக்கு அது பதினோராவது கோடை. மே மாதம் ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். செப்டம்பரில் முதல் பனி விழுவதற்குள் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். நடுவில் மாதம் ஒருமுறை மாவும் முட்டையும் டப்பாவில் அடைத்த பீச் பழமும் தபாலும் வரும். குன்றின் உச்சி மொட்டை. அதனால் ஏணி வைத்த உயரக் கோபுரம் தேவைப்படவில்லை. மரத்தால் கட்டிய இரண்டு அடுக்கு வீடு ஒன்றுதான். கீழே அடுப்பு, கட்டில், இரண்டு பெரிய பேட்டரிகள். மேலே நாலு பக்கமும் கண்ணாடி. நடுவில் புகை தெரிந்தால் திசை குறிக்கும் கருவி, ஓரத்தில் இரும்புக்கால் மேசை, மேசைமேல் ரேடியோ.

தினமும் காலை ஏழரைக்கும் மாலை ஏழுக்கும் ஊரிலிருக்கும் வன அலுவலகத்திலிருந்து கோலீன் ஒவ்வொரு காவல் வீட்டையும் வரிசையாகக் கூப்பிடுவாள். வெப்பம், காற்று, ஈரம், மேகம். வெர்னா நாலையும் சொல்லுவாள், "அவ்வளவுதான்" என்பாள், மைக்கைக் கொக்கியில் மாட்டிவிடுவாள். மாலைச் சுற்று முடிந்தபின் காவல்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அரைமணி நேரம் அனுமதி உண்டு. கிழக்கே டெலானி குன்றிலிருக்கும் ஆர்லன் கரடிக் கதை சொல்லுவார். போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்த ட்ரூடி, ரொட்டி கருகியதையும் கொசு பிடுங்குவதையும் சொல்லிச் சிரிப்பாள். வெர்னா விளக்கேற்றாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். இவர்களில் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை.

அவர்களைப் பிடிக்காமல் இல்லை. முதல் வருஷம் வந்தபோது, வால்ட்டரோடு வாழ்ந்த வீடு ஆட்டம் காண ஆரம்பித்திருந்தது. பேசினால் குரல் உடைந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். இரண்டாம் வருஷம் அது பழக்கமாயிற்று. வால்ட்டர் ஒரேயடியாகக் கிளம்பிப் போவதற்குள் பேசாதவள் என்று பெயரே வந்துவிட்டது. அதற்குமேல் வாயைத் திறப்பதென்றால் அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்போல அவளுக்குத் தோன்றியது.

அந்த வியாழக்கிழமை மேகம் குன்றின்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. இருபது அடி தள்ளியிருந்த கழிப்பறை கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. மைக்கை எடுத்தாள். ரேடியோவில் வழக்கமாக எரியும் மஞ்சள் விளக்கு எரியவில்லை. பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயரின் நடுவே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குப்பி ஒன்று இருந்தது. திருகித் திறந்தாள். உள்ளே விரல் கணுவைவிடக் கொஞ்சம் நீளமான கண்ணாடிக் குழாய், இரு முனையிலும் வெள்ளி நிற மூடி. பத்து ஆம்ப் ஃபியூஸ். போயிருந்தது.

பிஸ்கட் டின்னில் அதே மாதிரி இரண்டு இருந்தன. ஒன்றைப் போட்டாள். குப்பிக்குள் மின்னல் போல் ஒரு வெளிச்சம், சின்னதாக ஒரு சத்தம். அதுவும் போயிற்று. மணி ஏழு முப்பத்தாறு. கோலீன் இந்நேரம் வரிசையில் ஹார்கன் மேட்டுக்கு வந்திருப்பாள் என்ற அவசரத்தில் அடுத்ததையும் போட்டாள். அதே வெளிச்சம், அதே சத்தம்.

பிறகுதான் ஜன்னல் பக்கம் போய், மூன்று கண்ணாடிகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பதினான்கு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். பனிக்காலத்தில் நடுவழியில் விளக்கு அணைந்தால், பின்னால் முப்பது பிள்ளைகள் கூச்சல் போட, டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு ஃபியூஸ் மாற்றியவள். கண்ணாடி தெளிவாக இருந்து உள்ளே கம்பி மட்டும் அறுந்திருந்தால் சுமை கொஞ்சம் கூடிவிட்டதென்று அர்த்தம். உள்பக்கம் கரிபூசினாற்போல் கறுத்திருந்தால் எங்கோ இரண்டு வயர் நேராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை ஃபியூஸ் போட்டாலும் போகும். மூன்றுமே கறுத்திருந்தன. தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் இரண்டாவதைப் போட்டதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். மேசைக்கால் அதன்மேல் ஏறி நின்றது. மாலை வெயில் முகத்தில் படட்டும் என்று செவ்வாய்க்கிழமை தானே இழுத்துப் போட்ட மேசை. இரும்புக்கால் மேலுறையைக் கிழித்து, சிவப்பையும் கறுப்பையும் சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தது. காலைத் தூக்கி நகர்த்தி, இரண்டு செப்புக் கம்பியையும் பிரித்து, தனித்தனியாக டேப் சுற்றினாள்.

இனி போடுவதற்குப் பத்து ஆம்ப் இல்லை. சூயிங்கம் சுற்றிவந்த வெள்ளித்தாளைக் கையில் எடுத்து, போன ஃபியூஸின்மேல் சுற்றலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். பஸ் டிப்போவில் அப்படிச் செய்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வயர் மேசையைத் தாண்டி மரச்சுவருக்குள் நுழைந்து கீழே பேட்டரிக்குப் போகிறது. சுவருக்குள் அது எப்படி இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டாள்.

டின்னின் அடியில் யாரோ விட்டுப்போன ஐந்து ஃபியூஸ்கள் கிடந்தன. குட்டை ரகம், குப்பிக்குள் ஒரு முனை தொட்டால் மறுமுனை எட்டவில்லை. அப்போது அவளுடைய கேசட் பிளேயர் ஞாபகம் வந்தது. அதுவும் பேட்டரியில்தான் ஓடியது. அதன் வயரிலும் ஒரு குப்பி. உள்ளே சரியான நீளத்தில் ஒரு கண்ணாடி. மூடியின் விளிம்பைச் சுற்றி எறும்பு எழுத்தில் ஏதோ பொறித்திருந்தது. பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்து, பெரிய கண்ணாடியில் கண்ணை வைத்து, சின்னக் கண்ணாடியை எழுத்தின் மேல் நெருக்கி வைத்துப் படித்தாள். ஒரு ஆம்ப்.

ஒரு ஆம்ப் என்றால் அந்த ரேடியோ கேட்கும், பேசாது. கேட்பதற்கு அரை ஆம்ப் போதும். மைக் பட்டனை அழுத்திப் பேச ஐந்து ஆம்ப் வேண்டும். சத்தத்தை ரொம்பக் கூட்டினாலே ஆபத்து. திருகைக் குறைத்து வைத்து ஃபியூஸைச் செருகினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. மேசையில் கன்னத்தை வைத்து, ஒலிப்பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டாள்.

கோலீன் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஹார்கன் மேடு, ஹார்கன் மேடு என்று பத்து முறைக்கு மேல். குரலில் அலுவலகத்துக் கறார் குறைந்து, ஒரு நடுக்கம் வந்திருந்தது. வெர்னா பட்டனில் கட்டைவிரலை வைத்தாள், எடுத்துவிட்டாள்.

"அவங்க பேசாம இருக்கிறது புதுசா என்ன?" என்றாள் ட்ரூடி. "நல்லா இருக்கும்போதே நாலு வார்த்தைதான். இன்னைக்கு அந்த நாலும் மிச்சம்."

ஆர்லன் சிரிக்கவில்லை. "பதினோரு வருஷத்துல ஒரு வேளைகூட அந்தம்மா தப்பவிட்டதில்ல, ட்ரூடி. காய்ச்சல்ல கிடந்தப்பகூட. எனக்கு இது பிடிக்கல."

அப்புறம் அவர்கள் வெர்னாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ரத்த அழுத்தம் உண்டா, சர்க்கரை உண்டா, வயசு என்ன இருக்கும் என்று கோலீன் ஒவ்வொருவராகக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஐம்பது இருக்கும் என்றார் ஒருவர். எழுபது என்றாள் ட்ரூடி. ஐம்பத்தெட்டு வயது வெர்னா காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். செத்தவர் வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று பேசுவதைச் செத்தவரே கேட்பது போலிருந்தது. அதைவிடச் சங்கடம், பேசுவதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லாமல் போனது. இரண்டு நிமிஷத்தில் அவளைப் பற்றிய பேச்சு தீர்ந்துவிட்டது.

ஒன்பது மணிக்குக் கோலீன் மறுபடி வந்தாள். பழைய ஃபாரத்தில் அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் என்று வால்ட்டர் ஹ்ரின்சுக் பெயர் இருந்ததாம். போன் போட்டாளாம்.

"அவரு சொல்றாரு, பிரிஞ்சு ஆறு வருஷமாச்சாம்," என்றாள் கோலீன். "அவளுக்கு ஒண்ணும் ஆகாது, அவ எப்பவும் நல்லாத்தான் இருப்பான்னுட்டு வெச்சிட்டாரு."

வெர்னாவுக்கு முகம் சூடேறியது. அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறு எழுத ஆறு வருஷமாக அவளுக்கு நேரமில்லாமல் இல்லை. எழுத வேறு பெயர் இல்லை.

பத்து மணி சுமாருக்கு ஹெலிகாப்டர் ஓட்டி கெல்வின் குரல் கேட்டது. மேகத்தில் எங்காவது ஓட்டை தெரிந்தால் நுழைந்து இறங்கிவிடுவேன், அந்தக் குன்று எனக்குப் பழக்கம் என்றான். பன்னிரண்டு மணி வரை பார்த்துவிட்டுக் கிளம்புவதாக முடிவாயிற்று. வெர்னா ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே பாலை ஊற்றி வைத்தாற்போல் வெள்ளை. போன மாதம் சாமான் கொண்டுவந்தபோது, தன் மகள் பல் முளைத்துக் கடிக்கிறாள் என்று கட்டைவிரலைக் காட்டியவன் கெல்வின். ஒரு ஃபியூஸுக்காக இந்த வெள்ளைக்குள் அவன் வரக்கூடாது.

ரேடியோவை அணைத்துவிட்டுக் கீழே ஓடினாள். அடுப்புக்குப் பின்னால், சுவரோரம், ஒதுங்கிக் கிடக்கும் பழைய சாமான்களைக் கிளறினாள். அவளுக்கு முன்னால் இருந்தவன் ஒரு கிட்டார் ஒலிபெருக்கியை விட்டுப் போயிருந்தான். சுண்டெலி அதன் துணியைத் தின்றிருந்தது. பின்பக்கம் ஒரு குமிழ். அழுத்தித் திருப்பியதும் ஃபியூஸ் வெளியே வந்தது. நீளம் சரி. உள்ளே கம்பி நேராக இல்லை; முடிபோன்ற ஒரு சுருள்வில், நடுவில் ஈயப்பொட்டு. மூடியில் இரண்டு என்றிருந்தது.

இந்தச் சுருள்வில் ரகத்தை அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் காற்றாடி மோட்டாருக்கு இதைத்தான் போடுவார்கள். சில இயந்திரங்கள் தொடங்கும்போது ஒரு மடக்கு மின்சாரம் அதிகமாகக் குடிக்கும். அதற்கெல்லாம் பதறாமல் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துத்தான் இது அறும். இரண்டு ஆம்ப்பில் ஐந்து ஆம்ப் போனால் உடனே போகாது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இரண்டு நொடி. மூன்று இருக்கலாம். பேசி நிறுத்தி ஆறவிட்டால் மறுபடியும் தாங்கும்.

சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். 'ஹார்கன் மேட்டிலிருந்து வெர்னா பேசுகிறேன்' என்பதற்கே மூன்று நொடி போயிற்று. தன் பேரை நீக்கினாள். காரணத்தை ஒரே வார்த்தையாக்கினாள். யாரும் இல்லாத வீட்டில் அதே நாலு சொல்லைப் பதினைந்து தடவை உரக்கச் சொன்னாள். நாலு சொல் பேசுகிறவள் என்ற பெயருக்கு இன்று ஒரு பயன்.

மேலே போய் ஒரு ஆம்ப்பை எடுத்துவிட்டு அந்த ஃபியூஸைச் செருகி, ரேடியோவைப் போட்டு, மற்றவர்கள் பேசி ஓயும்வரை காத்திருந்து, அழுத்தினாள்.

"ஹார்கன். நல்லாருக்கேன். ஃபியூஸ். பறக்காதீங்க."

விட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். வில் அப்படியே இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு.

மூன்று குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. கோலீன் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கெல்வின் சரி, நிற்கிறேன் என்றான். வெர்னா ஒரு நிமிஷம் முழுதாக ஆறவிட்டு மறுபடி அழுத்தி, கேட்க முடிகிறது, பேச மூன்று நொடிதான் என்று சொல்லிவிட்டாள். அதுவும் தாங்கியது.

ஆர்லன் எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். பிறகு மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"வெர்னா. ஊர்ல யாருக்காவது சொல்லணுமா? ஒரே ஒரு பேரு சொல்லுங்க, போதும். நாங்க சொல்லிடறோம்."

அவள் ஆறவிடவில்லை. உடனே அழுத்திவிட்டாள்.

"யாருக்கும் வேண்டாம் ஆர்லன். ஆனா நீங்கள்லாம் கொஞ்சம்..."

விளக்கு அணைந்தது. குப்பிக்குள் வில் சுருண்டு ஒரு முனையில் ஒதுங்கிக் கிடந்தது. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். கொஞ்சம் பேசிட்டே இருங்க, நான் கேட்டுட்டிருப்பேன். தன் குரல் அந்த அறையில் எவ்வளவு சின்னதாக இருக்கிறதென்று அவளுக்குக் கேட்டது.

ஒரு ஆம்ப் ஃபியூஸைத் தேடிப் போட்டபோது, ஆர்லன் முடித்துக்கொண்டிருந்தார். ஃபியூஸ் போயிருக்கும், இனி அந்தம்மாவுக்குக் கேட்கவும் கேட்காது, தொந்தரவு பண்ண வேண்டாம், உயிரோடு இருக்கிறதே போதும் என்றார். கோலீன் சரி என்றாள். அதோடு எல்லாரும் ஓய்ந்தார்கள்.

மேகம் இன்னும் இரண்டு நாள் விலகவில்லை. பார்க்க எதுவும் இல்லாததால் அவள் மேல்மாடியிலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டு, ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கிடந்தாள். கேசட் பிளேயரின் ஃபியூஸ் ரேடியோவுக்குப் போனதால் பாட்டும் கிடையாது. கோலீன் காலையிலும் மாலையிலும் வரிசையாகக் கூப்பிட்டு, ஹார்கன் மேடு வரும்போது ஒரு மூச்சு நிறுத்தி, அடுத்த பெயருக்குத் தாவினாள். மாலையில் யாரும் அதிகம் பேசவில்லை. சங்கடமோ மரியாதையோ, ஆர்லன் ஒரு கரடிக் கதைகூடச் சொல்லவில்லை. பதினோரு வருஷத்தில் அந்த அரைமணி இவ்வளவு மௌனமாகப் போனதை அவள் அறிந்ததில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்தவள், திறந்தபடியே வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வானம் கழுவிவிட்டாற்போல் நீலமாக இருந்தது. கெல்வின் வந்து இறங்கினான். கையில் ஐம்பது ஃபியூஸ் கொண்ட அட்டைப்பெட்டி, கோலீன் சுட்டுக் கொடுத்த, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்த இனிப்பு அடை, ஒரு காகிதம். சுவருக்குள் போகும் பழைய வயரை அவனும் அவளும் சேர்ந்து உருவி எடுத்துப் புது வயர் இழுத்தார்கள். பழையதில் இன்னொரு இடத்திலும் எலி கடித்துச் செப்பு தெரிந்தது. அவன் அதைக் காட்டி விசில் அடித்தான். ஃபியூஸில் வெள்ளித்தாள் சுற்றினீர்களா என்று கேட்டான். இல்லை என்றாள்.

காகிதம் புது ஃபாரம். ஆபீஸில் கேட்டார்கள், இன்றைக்கே வேண்டும் என்றில்லை, அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கெல்வின் காலைத் தரையில் தேய்த்தான். அவனும் எல்லாவற்றையும் கேட்டவன்தான். காபி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலை வெர்னா வெப்பம், காற்று, ஈரம், மேகம் சொன்னாள். கோலீன் வரவேற்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக. மூன்று நொடி தாண்டிவிட்டது, போதும் நிறுத்துங்க என்று ஆர்லன் கேலி செய்தார். ட்ரூடி எதற்கெடுத்தாலும் 'நீங்க', 'உங்களுக்கு' என்று அத்தனை பணிவாகப் பேசினாள். அன்றைய கிண்டலைவிட இது வெர்னாவுக்கு அதிகமாக உறுத்தியது.

'ஆனா நீங்கள்லாம் கொஞ்சம்' என்று பாதியில் விட்டீர்களே, அது என்ன என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள். மூன்று நாளாகப் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. ஒருவேளை அது போய்ச் சேரவே இல்லையோ என்னவோ. பேச்சு கொசு மருந்துக்கும் பீன்ஸ் டப்பாவுக்கும் போயிற்று.

ஃபாரம் மேசையில் இருந்தது. பேனாவும் இருந்தது. அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் 'ஆர்லன்' என்று எழுதினாள். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை. பேச்சு நடுவே ஒரு இடைவெளி வந்ததும் பட்டனை அழுத்தினாள்.

"ஆர்லன், உங்க குடும்பப் பேரு என்ன?"

ஆர்லன் மெதுவாக எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

"ஸ்வெய்ன்சன்," என்றார். "எஸ், வி, ஈ, ஐ, என். அப்புறம் எஸ், ஓ, என். அந்த ஈயையும் ஐயையும் எல்லாரும் மாத்தித்தான் எழுதுவாங்க. எதுக்கும்மா, என் மேல புகார் ஏதும் எழுதறீங்களா?"

"இல்ல," என்றாள் வெர்னா. "ஒரு ஃபாரத்துக்கு."

"சரி," என்றார் அவர். எந்த ஃபாரம் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவர் சொன்ன வரிசையிலேயே எட்டு எழுத்தையும் எழுதி, ஒருமுறை சரிபார்த்தாள். ட்ரூடி மறுபடி ரொட்டியைப் பற்றித் தொடங்கினாள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, வெர்னா பைனாகுலரை எடுத்துக்கொண்டு மேற்கு ஜன்னல் பக்கம் போனாள். மூன்று நாள் காடு பார்க்காமல் விட்டுப்போயிருந்தது.